பில்தாத் சொன்னது

இரண்டாவது மணியும் அடித்தாயிற்று, இனி எழுந்து ஓட முடியாது என்று தோன்றியபோதுதான், ஓடிவிடுகிற யோசனை காலையிலிருந்தே தன் மனதில் இருந்திருக்கிறது என்பது தவசிங் ஐயாவுக்குத் தெரிந்தது. ஐம்பத்துநான்கு வயது. முப்பது வருஷக் குருப்பட்டம். அதில் இருபத்திரண்டு வருஷம் இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு சொல்லிக்கொடுத்த வாத்தியார். ஆயிரம் பிரசங்கத்துக்குக் குறையாமல் பண்ணியிருப்பார். அப்படிப்பட்ட மனுஷன் தூத்துக்குடியில், தான் ஞானஸ்நானம் வாங்கிய அதே கோயிலில், ஆல்டர் மேடைப் பக்கத்து நாற்காலியில் வெள்ளை அங்கிக்குள் வியர்த்துக்கொண்டு, பக்கவாட்டு வாசலுக்கு எத்தனை எட்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பதினோரு எட்டு. வாசலுக்கு வெளியே வேப்பமரம், மரத்தடியில் தன் கார், பைக்குள் சாவி. ஆனால் அங்கியோடு ஓடுகிற குருவானவரை ஊர் என்ன சொல்லும்? அங்கியைக் கழற்றிவிட்டு ஓடினால் அதைவிட மோசமாகச் சொல்லும். முதல் பாட்டுக்குச் சபை எழுந்தது, அவரும் எழுந்தார். அங்கியின் உள்பையில் மடித்து வைத்த தாள்கள் நெஞ்சில் குத்தின. அதில் இருந்தது ஒரு பிரசங்கம் அல்ல, இரண்டு. இரண்டும் ஒரே வசனத்தைப் பற்றியவை. ஒன்றைச் சொன்னால் இன்னொன்று பொய். எதைச் சொல்லப் போகிறோம் என்று இந்த நிமிஷம் வரைக்கும் அவருக்குத் தெரியாது. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்பதை இரண்டாம் சரணத்தில் கவனித்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மெதுவாகத் திருப்பிக்கொண்டார்.

பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தங்கை எமிலி நின்றாள். பக்கத்தில் அவள் மகள் ஷெரின், முகக்கவசம் போட்டுக்கொண்டு, நிற்க முடியாமல் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு. பதினெட்டு வயது. இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ், அதற்காக இடதுகையில் ஆப்பரேஷன் பண்ணிக் கூட்டிவைத்த ரத்தக்குழாய் கயிறு மாதிரித் தடித்துக் கிடக்கிறது. தகப்பன் ஜெபத்துரைக்குச் சர்க்கரை, அவர் கொடுக்க முடியாது. எமிலியின் கிட்னி பொருந்தும் என்று டாக்டர்கள் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார்கள். இது ஆகஸ்ட். எமிலி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். எனக்கு வாக்குத்தத்தம் வந்திருக்கிறது, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்கிறாள். புத்தாண்டு காலை ஆராதனையில் குடும்பத்துக்கு ஒன்றாகத் தட்டிலிருந்து எடுக்கிற வாக்குத்தத்த அட்டை, வருஷம் முழுக்க அந்த வீட்டுக்குக் கடவுள் சொன்ன வார்த்தை அதுதான். எமிலி எடுத்த அட்டையில் யோபு ஆகமம் எட்டாம் அதிகாரம் ஏழாம் வசனம். துவக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்று பொருள்படும் வசனம். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் ஆப்பரேஷன் தேதி வேறு ஆளுக்குப் போய்விடும், அப்புறம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, பிள்ளையின் இருதயம் அதுவரை தாங்குமா என்பதையும் சொல்ல முடியாது. வியாழக்கிழமை எமிலி போன் பண்ணினாள். ஞாயித்துக்கெழமைக்கு நீ வா அண்ணே, எனக்கு வந்த வாக்குத்தத்தத்த எடுத்துப் பிரசங்கம் பண்ணு, எங்க சபை ஐயாட்ட சொல்லிட்டேன், கேட்டுட்டு நான் முடிவு சொல்லுதேன் என்றாள். சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வைத்த போனைக் காதில் வைத்தபடியே அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

பாவ அறிக்கைக்கு முழங்கால்படியிட்டபோது முட்டி வலித்தது. வாய் சபையோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது, செய்யத்தக்கவைகளைச் செய்யாமல் விட்டோம் என்கிற இடம் வந்ததும் நாக்கு நின்றது. போன டிசம்பர் மாசம். செமஸ்டர் விடைத்தாள் கட்டு மேசைமேல். இங்கே சபைக் குருவானவராக இருக்கிற ஆமோஸ் அவருடைய பழைய மாணவர். ஐயா, வாக்குத்தத்த அட்டைக்கு நானூறு வசனம் வேணும், சிவகாசி பிரஸ்ஸில் ரெண்டு நாளில் கேட்கிறார்கள், நீங்கள் பார்த்துக் கொடுத்தால் தப்பு வராது என்றார். தப்பு வராது! ஒரு வருஷம் வேறொரு சபையில், ஆண்டவரைச் சோதிக்கிறபோது பிசாசு சொன்ன வார்த்தையையே யாரோ அட்டையில் போட்டு, இதையெல்லாம் உனக்குத் தருவேன் என்று அச்சாகி, அது ரிட்டையர்டு தலைமையாசிரியர் ஒருவர் கைக்கு வந்து, அவர் வருஷம் முழுக்க அதை வைத்து நிலம் தேடிக்கொண்டிருந்த கதை எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் ஆமோஸ் படித்தவரைத் தேடினார். படித்தவர் என்ன செய்தார்? போன வருஷப் பட்டியலையே எடுத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் டிக் போட்டுக்கொண்டே போனார். இருநூற்றுச் சொச்சமாவதில் யோபு எட்டு ஏழு வந்தது. பேனா நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? நான்கு வருஷம் உட்கார்ந்து அவர் எழுதிய ஆராய்ச்சியே யோபின் சிநேகிதன் பில்தாத்தின் பேச்சுகளைப் பற்றித்தான். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைப் பில்தாத் ஐயா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பிடிக்கவும் செய்யும். அந்த வசனம் யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்தக் கொடுமையான வாக்கியத்துக்குப் பின்னால் சொன்னது என்று தமிழ்நாட்டில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் நான்கு பேர் இருந்தால் அதிகம்.

பாவமன்னிப்பை ஆமோஸ் சொன்னார், சபை ஆமென் என்றது. தவசிங்குக்கு அது தன்மேல் படாமல் தலைக்கு மேலே போன மாதிரி இருந்தது. உட்கார்ந்தார். ஃபேன் ஆமோஸுக்கு மட்டும் காற்றுக் கொடுத்தது. பேனா நின்றதே, அடித்திருக்கலாமே. ஒரு கோடு. ஒரு கோடு இழுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்த வசனம் காலண்டரில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது, லாரி நெற்றியில் இருக்கிறது, கடை திறப்பு விழாவில் இருக்கிறது. அதை எடுத்தால் ஆமோஸ் போன் பண்ணுவார். ஏன் ஐயா எடுத்தீர்கள் என்பார். விளக்க வேண்டும். கமிட்டிக்குப் போகும். தவசிங் வேதத்தில் கை வைக்கிறார் என்பார்கள், முன்னால் ஒரு தடவை சொன்னவர்கள்தானே, ஜலப்பிரளயத்தைப் பற்றி ஒரு வேதபாட வகுப்பில் வாய் தவறிப் பேசியதற்கு ஆறு மாசம் விளக்கக் கடிதம் எழுதவில்லையா? போகட்டும், அட்டைதானே, ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று டிக் போட்டார். போட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனார், காப்பி கேட்டார், குடித்தார். நானூற்றில் ஒன்று. முந்நூற்றுத்தொண்ணூற்றொன்பது குடும்பத்துக்கு முன்னால் அந்தத் தட்டு போயிருக்கிறது. எமிலியின் கைதான் அதை எடுக்க வேண்டுமா? இதைத் தற்செயல் என்று சொல்லலாம், வகுப்பில் அப்படித்தான் சொல்வார். வகுப்பில் நிறையச் சொல்லலாம், அங்கே யாருக்கும் கிட்னி போவதில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவன் தன் வீட்டு வாசலில் குழி வெட்டி வைத்த கதையாகிவிட்டது, அதுவும் சிவப்பு மையால். இந்த டிக்கைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஆமோஸுக்கு ஞாபகம் இருக்குமோ? ஆமோஸின் பிடரியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முயன்றார். பிடரி ஒன்றும் சொல்லவில்லை.

சங்கீதத்தை மாறிமாறி வாசித்தார்கள். ஆண்கள் ஒரு வசனம், பெண்கள் ஒரு வசனம். ஆண்கள் பக்கத்தில் ஜெபத்துரையின் குரல் மட்டும் அரை வார்த்தை பிந்தி வந்தது. காலையில் வீட்டிலிருந்து கோயிலுக்கு வரும்போது அந்த மனுஷன் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து, பின்னால் இருக்கிற எமிலிக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னதை இப்போதும் காது வைத்திருந்தது. அத்தான், நான் கெஞ்சிப் பாத்துட்டேன், ஏசிப் பாத்துட்டேன், நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பா. இதில் எந்த ஒரு வார்த்தை? முதல் பிரசங்கத்தில் இருக்கிற வார்த்தை, கர்த்தர் வாக்குமாறாதவர். அதைச் சொன்னால் எமிலி முகம் மலரும், கையெழுத்துக் கிடையாது, பிள்ளை போய்விடும். இரண்டாம் பிரசங்கத்தில் இருக்கிற வார்த்தை, அது கர்த்தர் சொன்னதே அல்ல. அதைச் சொன்னால்? எமிலி எட்டு மாசமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள், சமைக்கிறாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். ஆற்றில் போகிறவள் பிடித்த கட்டையை, இது நல்ல மரமில்லை என்று பிடுங்குவதா? பிடுங்கினால் கையெழுத்துப் போடுவாளா, முங்கிவிடுவாளா? அப்பா இறந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது, மூன்று நாள் பேசாமல் இருந்தாள், நான்காம் நாள் அப்பாவின் வேதப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள், அதற்கப்புறம்தான் சாப்பிட்டாள். அவளிடமிருந்து அதை எடுக்கிறவன் அண்ணனாக இருக்க வேண்டுமா? சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று எழுத வெள்ளிக்கிழமை முழுக்க முயன்றார். விசுவாசமும் மருத்துவமும் கைகோத்து என்று ஆரம்பித்தார். கல்லூரி மலரில் வருகிற கட்டுரை மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டார்.

பழைய ஏற்பாட்டுப் பாடம் என்று அறிவிப்பு வந்தது. டீக்கனார் எழுந்து, கண்ணாடியைத் துடைத்து, யோபு எட்டாம் அதிகாரம், ஐந்தாம் வசனம் முதல் ஏழாம் வசனம் வரை என்றார். ஐந்திலிருந்து! ஆமோஸ் அப்படிக் குறித்துக் கொடுத்திருக்கிறார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, எல்லாச் சபையிலும் இப்படித்தான், நான்காம் வசனத்தை யார் வாசிப்பார்கள்? ஒரே நாளில் பத்துப் பிள்ளைகளையும் சாகக் கொடுத்துவிட்டு, உடம்பெல்லாம் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கிற தகப்பன் யோபைப் பார்க்க மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். இரண்டாவது ஆள் பில்தாத். அவன் வாயைத் திறந்து சொல்கிற முதல் ஆறுதல், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கேற்றது கிடைத்தது. அதுதான் நான்காம் வசனம். அதைச் சொல்லிவிட்டு, மூச்சு விட்டு, நீ மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும், எல்லாம் நல்லபடியாக முடியும் என்கிறான். அந்தக் கடைசித் துண்டைத்தான் வெட்டி எடுத்து அட்டையில் அடித்துக் கொடுக்கிறோம். மீனை வெட்டிக் குடலை எடுத்துவிட்டுக் கொடுக்கிற மாதிரி. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த கிழவர் ஒருவர் அவரைக் கேட்டார், உம்முடைய ஆராய்ச்சி சரி என்றே வைத்துக்கொள்வோம், திங்கட்கிழமை காலையில் யாருக்கு என்ன மாறும்? அவர் பேச்சின் அமைப்பைப் பற்றியும், எபிரேயக் கவிதையின் இணை வரிகளைப் பற்றியும் இருபது நிமிஷம் பதில் சொன்னார். கிழவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, நல்லது என்றார். பட்டம் கொடுத்துவிட்டார்கள். அந்த நல்லதுக்கு என்ன அர்த்தம் என்று பத்தொன்பது வருஷம் கழித்து இங்கே உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது.

டீக்கனார் வாசித்து முடித்து, பாடம் முடிந்தது என்றார். நான்காம் வசனம் வாசிக்கப்படாததில் தவசிங்குக்கு ஒரு நிம்மதி வந்தது, வந்த நிம்மதியைக் கண்டு வெட்கமும் வந்தது. எமிலியைப் பார்த்தார். அவள் குனிந்து மடியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். வசனத்தைக் குறித்துக்கொள்கிறாள் போல. பிரசங்கக் குறிப்பு எழுதுகிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு, அண்ணன் பேசுவதற்கு முன்னாலேயே எழுத ஆரம்பித்துவிட்டாள் பாருங்கள், அவ்வளவு நம்பிக்கை. ஷெரின் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாமா, இன்னைக்கு ஒங்க பிரசங்கத்துல தூங்காம இருக்கப்போற ஒரே ஆள் நாந்தான் என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் அவள் அங்கேயே நின்றாள். அம்மா பயப்படுதாங்க மாமா, என்னத்துக்குன்னுதான் தெரியல என்றாள். ஆப்பரேஷன் என்றால் யாருக்கும் பயம்தானே என்று ஏதோ சமாளித்தார். அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புதிய ஏற்பாட்டுப் பாடம் போய்க்கொண்டிருந்தது, ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை. பிள்ளை செத்துவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. வரக்கூடாது என்று தள்ளினார். தள்ளினதும் அது உடையோடும் நகையோடும் வந்தது, இதே கோயில், இதே நடுவழி, பெட்டி, ஆமோஸ் வாசிக்க, தான் அங்கியோடு பின்னால் நடக்க, எமிலி தன்னைப் பார்க்க. அந்தப் பார்வைக்கு அவரிடம் எந்தப் பிரசங்கமும் இல்லை. விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லாரும் எழுந்துவிட்டார்கள், அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஆமோஸ் திரும்பிப் பார்த்தார். பதறி எழுந்தார்.

அறிவிப்புகள். பெண்கள் ஐக்கியக் கூட்டம், அசன விருந்துக்கு அரிசி கொடுக்க விரும்புகிறவர்கள், ஞாயிறு பள்ளிப் பரிசுகள். ஜெப விண்ணப்பச் சீட்டுகளை ஆமோஸ் ஒவ்வொன்றாக வாசித்தார், வேலைக்காக ஒருவர், குழந்தை பாக்கியத்துக்காக ஒருவர், வெளிநாட்டுப் பிரயாணத்துக்காக ஒருவர். ஷெரினுக்காக யாரும் சீட்டு எழுதவில்லையா? இல்லை, அதுதான் பிரசங்கமே அவளுக்காக இருக்கிறதே. பிரசங்கத்துக்கு முந்தின கீர்த்தனை ஆரம்பித்துவிட்டது. ஐந்து சரணம். மூன்று போதும் என்று ஆமோஸ் சொன்னார். சொல்லாதிருந்தால் இன்னும் இரண்டு நிமிஷம் கிடைத்திருக்கும், படுபாவி. கை உள்பைக்குப் போனது. முதலாவதா இரண்டாவதா? விரல்கள் தாள்களைத் தடவின. கண்ணை மூடிக்கொண்டு எது வருகிறதோ அதை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. அட்டை எடுக்கிற மாதிரி! சீச்சீ என்று கையை வெளியே எடுத்தபோது கோயில்பிள்ளை மாசிலாமணி, காணிக்கைப் பைகளை அடுக்கிவைத்து மணி அடித்துத் தருகிற அந்தப் பெரியவர், குனிந்தபடியே ஓரமாக வந்து நின்றார். ஐயா, எமிலியம்மா இத ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாவ என்றார். நாலாக மடித்த சீட்டு. ஜெப விண்ணப்பச் சீட்டுதான், மேலே அச்சடித்த சிலுவைக்குக் கீழே பென்சிலில் நெருக்கி எழுதியிருந்தது. இரண்டாம் சரணம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்.

அண்ணே, டீக்கனார் அஞ்சுலருந்து வாசிச்சிட்டாரு. நீயும் நாலாம் வசனத்த விட்டுராத. எனக்கு அதுக்குத்தான் அர்த்தம் வேணும். ஜனவரி ஒண்ணாந்தேதியே வீட்டுக்குப் போயி முழு அதிகாரத்தையும் வாசிச்சேன். பிள்ளைங்க பாவம் செஞ்சதுனாலன்னு போட்டிருக்கு. பதினெட்டு வயசுப் பிள்ள என்ன பாவம் செஞ்சிருக்கும்? அப்ப அது என் பாவம். என்னால வந்ததுன்னா என் உடம்புல உள்ளத எடுத்து அவளுக்கு எப்படி வைக்க? அந்தப் பாவமும் சேந்துல்லா அவளுக்குள்ள போவும். யார்ட்டயும் கேக்க முடியல. ஏழாம் வசனத்தச் சொல்லிச் சொல்லி நாலாம் வசனத்த அமுக்கி வச்சிருக்கேன். அதுக்கு மேல வாசிக்கப் பயந்து மூடிட்டேன். எல்லாருக்கும் முன்னால நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதேன். உண்மையச் சொல்லு.

மூன்றாம் சரணம் ஆரம்பித்தது. அவர் சீட்டை மறுபடி வாசித்தார், மூன்றாவது தடவை வாசிக்க எழுத்து தெரியவில்லை. முழு அதிகாரத்தையும் வாசித்திருக்கிறாள். ஜனங்கள் ஒற்றை வசனத்தைப் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள், முன்னும் பின்னும் பார்ப்பதில்லை என்று இருபத்திரண்டு வருஷமாக வகுப்பில் கேலி பண்ணிக்கொண்டிருந்த மனுஷனின் சொந்தத் தங்கை, புத்தாண்டுச் சமையலுக்கு முன்னால் உட்கார்ந்து முன்னும் பின்னும் பார்த்திருக்கிறாள். நம்பிக்கை போய்விடும், நம்பிக்கை போய்விடும் என்று இவர் எதைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தாரோ, அவளிடம் இருந்தது நம்பிக்கையே அல்ல. பயம். எட்டு மாசப் பயம். அண்ணன் போனில் ஒவ்வொரு தடவையும் வாக்குத்தத்தத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தாரே, அது ஒவ்வொன்றையும் அவள் என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பாள்? படித்த அண்ணனே பேச்சை மாற்றுகிறான் என்றால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று. பில்தாத் சொன்ன பொய்யை அவளுக்கு ருசுப்படுத்தினது தவசிங்கின் மௌனம். முப்பத்துநான்கு அதிகாரம் தள்ளி, அதே புத்தகத்தின் கடைசியில், அவளுக்கு வேண்டியது அச்சில் கிடக்கிறது. அதை அவர் பக்க எண்ணோடு சொல்லுவார், எபிரேயத்தில் சொல்லுவார், மற்ற உரையாசிரியர்கள் என்ன சொன்னார்கள் என்பதோடு சொல்லுவார். அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. பாட்டு முடிந்தது. சபை உட்காருகிற சத்தம் கேட்டது. ஆமோஸ் கையைக் காட்டினார். பிரசங்கபீடத்துக்கு நாலு படி, ஏறினார். உள்பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை.

தூத்துக்குடியில் பிரசங்கிமார் வசனத்தைச் சொல்லிவிட்டு, சபையார் எடுக்கிறவரைக்கும் நிற்பது வழக்கம். தாள் புரளுகிற சத்தம் அடங்கினால்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, யோபு நாற்பத்திரண்டாம் அதிகாரம் ஏழாம் வசனம் என்றார். எட்டு ஏழு என்று எடுத்து வைத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆமோஸ் தன் தாளைப் பார்த்தார். நாற்பத்திரண்டு என்று இன்னொரு தடவை சொன்னார். தாள் சத்தம் எழுந்தது, ஆண்கள் பக்கம் அடங்கியது, பெண்கள் பக்கம் அடங்கியது. மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் தேடிக்கொண்டிருந்தாள். எட்டாம் அதிகாரத்துக்கு அப்பால் அவள் போனதே இல்லையே, வழி தெரியாத தெருவில் போகிறவள் மாதிரி ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். அவர் காத்திருந்தார். சபைச் செயலர் கடிகாரத்தைப் பார்த்தார், யாரோ இருமினார்கள், அவர் காத்திருந்தார். அவள் விரல் நின்றதும் வாயைத் திறந்தார். எட்டாம் அதிகாரத்தில் பேசுகிறவன் பேர் பில்தாத் என்றார். உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதனால்தான் செத்தார்கள் என்று தகப்பனின் முகத்துக்கு நேரே சொன்னவன். உன் முடிவு நன்றாக இருக்கும் என்று சொன்னவனும் அவன்தான், அதே மூச்சில் சொன்னான். கடைசியில் கடவுள் வந்து பேசுகிறார். அவர் யோபின்மேல் கோபப்படவில்லை. செத்துப்போன பிள்ளைகளைப் பற்றி ஒரு குற்றமும் சொல்லவில்லை. இந்த மூன்று சிநேகிதர்கள்மேல்தான் கோபப்படுகிறார், என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். வியாதிக்காரரைப் பார்த்து இது உன் பாவம் என்று சொன்ன வாயைக் கடவுளே மூடினார். பில்தாத் சொன்னது பொய்.

கோயிலில் சின்னச் சலசலப்பு. வேதத்தில் இருக்கிற வார்த்தையைப் பொய் என்று பிரசங்கபீடத்தில் நின்று சொல்லிவிட்டார், இதற்கு விளக்கக் கடிதம் ஆறு மாசத்தில் முடியாது. செயலர் பக்கத்திலிருப்பவர் காதில் ஏதோ சொன்னார். தவசிங்குக்கு அது தெரிந்தது, பயமாகவும் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று மூன்றாவது வரிசையில் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தது. அவள் உதடு அசைந்தது. ஒரு தடவை வாசித்தாள். மேலே போய் மறுபடி வாசித்தாள். அவர் நிறுத்தவில்லை. அந்த வசனத்தை இந்த வருஷம் அட்டையில் போட்டுக் கொடுத்தவன் நான் என்றார். யார் சொன்னது என்று தெரிந்தும் போட்டேன். எடுத்துவிட்டால் கேள்வி கேட்பார்களே என்று போட்டேன். ஆமோஸ் ஐயாவின் தப்பு அல்ல, அச்சாபீஸ் தப்பு அல்ல. ஆமோஸ் நாற்காலியில் நெளிந்தார். அப்போது எமிலி எழுந்து நின்றாள். ஆராதனை நடுவில் அந்தக் கோயிலில் ஒரு பெண் எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை. ஜெபத்துரை அந்தப் பக்கத்திலிருந்து பாதி எழுந்தார். அவள் புத்தகத்தில் விரலை வைத்தபடியே, அடுக்களையிலிருந்து கேட்கிற குரலில் கேட்டாள்.

"இத ஏண்ணே எனக்கு ஜனவரியிலேயே சொல்லல?"

பதில் அவரிடம் நிறைய இருந்தது. செமஸ்டர், விடைத்தாள், சபையின் பக்குவம், மேய்ப்பருக்குரிய நிதானம். எல்லாம் வாய் வரைக்கும் வந்தன.

"பயமா இருந்துச்சு எமிலி."

மைக் அதைச் சபையின் கடைசி பெஞ்சு வரைக்கும் கொண்டுபோனது. எமிலி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"எனக்குந்தான்" என்றாள். "செவ்வாக்கெழம கையெழுத்துப் போடப் போகயில நீயும் கூட வா."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஜெபத்துரை எழுந்தவர் எழுந்தபடியே நின்றார், பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. பிரசங்கத்துக்கு இன்னும் பதினைந்து நிமிஷம் பாக்கி இருந்தது, தவசிங் ஐயாவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஜெபிப்போம் என்றார்.